கன்சர்வேஷன் ஏரியாவில் வீடா? ஜன்னலைக் கழற்றும் முன் செய்ய வேண்டியவை

தென் லண்டனில் இருக்கும் நண்பர் ஒருவர் ஒரு நாள் இரவு பத்து மணிக்குப் போன் செய்தார். "அண்ணே, ஜன்னல் மாத்தினோம்ல, கவுன்சில்ல இருந்து லெட்டர் வந்திருக்கு. எடுத்துட்டுப் பழையபடி வைக்கணுமாம்." முகப்பில் இருந்த மூன்று மர ஜன்னல்களையும் கழற்றிவிட்டு வெள்ளை யூபிவிசி (பிளாஸ்டிக்) ஜன்னல் மாட்டியிருந்தார். விற்க வந்தவர் "இதுக்கெல்லாம் பெர்மிஷன் வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். இங்கிலாந்தின் பெரும்பாலான தெருக்களில் அது சரிதான். நண்பரின் தெரு அந்தக் கணக்கில் வராது. கழற்றிய ஜன்னல்களோ ஸ்கிப் என்ற குப்பைத் தொட்டியில் ஏறி என்றைக்கோ போய்விட்டன.

அந்த விவகாரத்தில் அவருடன் அலைந்ததில் கற்றதையும், பிறகு என் வீட்டு ஜன்னல்களுக்கு அனுமதி வாங்கும்போது கற்றதையும் வரிசையாக எழுதுகிறேன். இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் சட்டம் வேறு.

கன்சர்வேஷன் ஏரியா என்பது 1967-ல் வந்த ஏற்பாடு. ஒரு தனிக் கட்டடத்தைவிட, ஒரு தெருவின் மொத்தத் தோற்றத்தைக் காப்பதுதான் நோக்கம். முதலில் அறிவிக்கப்பட்டது லிங்கன்ஷயரில் உள்ள ஸ்டாம்ஃபர்ட். இன்று இங்கிலாந்தில் மட்டும் சுமார் 10,000 இருக்கின்றன. பணக்காரர் வீடுகளுக்குத்தான் இந்தத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். தென் லண்டனில் டூட்டிங் பக்கம் தோசை சாப்பிடப் போகிறோமே, அங்கே டோட்டர்டவுன் ஃபீல்ட்ஸ் என்று ஒரு குடியிருப்பு உண்டு. நூறு வருடத்துக்கு முன் தொழிலாளர் குடும்பங்களுக்காக லண்டன் கவுண்டி கவுன்சில் கட்டிய சின்னச் சின்ன வரிசை வீடுகள். அதுவும் கன்சர்வேஷன் ஏரியாதான்.

படி 1: வீட்டின் ஜாதகத்தைப் பாருங்கள்

கவுன்சில் இணையதளத்தில் பிளானிங் வரைபடம் இருக்கும். போஸ்ட்கோடு போட்டால் உங்கள் வீடு வரும். நான்கு விஷயங்களைத் தேடுங்கள்.

முதலாவது, வீடு லிஸ்டட் கட்டடமா, அதாவது பாதுகாக்க வேண்டியது என்று தனியாகப் பட்டியலில் ஏற்றிய கட்டடமா? பழைய கட்டடங்களைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் பட்டியலிலும் இதைப் பார்க்கலாம். லிஸ்டட் என்றால் இந்தப் பதிவோடு நிற்காதீர்கள். அதற்கு லிஸ்டட் பில்டிங் கன்சென்ட் தனியாக வேண்டும். வாங்காமல் மாற்றினால் அது குற்றவியல் வழக்கு.

இரண்டாவது, தனி வீடா, ஃபிளாட்டா? ஃபிளாட்டுகளுக்கு, தனி வீட்டுக்கு இருப்பதுபோல் அனுமதியில்லாமல் மாற்றிக்கொள்ளும் உரிமை கிடையாது. வெளித்தோற்றம் மாறுகிறது என்றால் பிளானிங் அனுமதி வேண்டும். லீஸ்ஹோல்டு (நீண்ட காலக் குத்தகை) என்றால் ஃப்ரீஹோல்டரின், அதாவது கட்டடத்தின் முழு உரிமையாளரின், சம்மதமும் வேண்டும்.

மூன்றாவதுதான் நண்பரைக் கவிழ்த்தது: ஆர்ட்டிக்கிள் 4. சாதாரணமாக கன்சர்வேஷன் ஏரியாவிலும் ஒரு தனி வீட்டின் ஜன்னலை மாற்ற விண்ணப்பம் தேவையில்லை; புதியது பழையதைப் போன்ற தோற்றத்தில் இருந்தால் போதும். ஆனால் "இந்தத் தெருக்களில் அந்த உரிமை இல்லை" என்று கவுன்சில் ஓர் உத்தரவு போட முடியும். அதற்குப் பெயர் ஆர்ட்டிக்கிள் 4 டைரக்‌ஷன். ஈலிங்கில் உள்ள பிரெந்தம் கார்டன் சபர்ப் போன்ற இடங்களில் இது பல வருடங்களாக இருக்கிறது. பெரும்பாலும் தெருவைப் பார்த்த பக்கத்துக்கு மட்டும் இருக்கும்; சில இடங்களில் அதற்கு மேலும் போகும். உத்தரவின் பிரதியை இறக்கி, எந்தப் பக்கம், எந்த வேலை என்று வரி வரியாகப் படியுங்கள்.

நான்காவது, பத்திரம். முன்பு கொடுத்த பிளானிங் அனுமதியில் நிபந்தனை இருக்கலாம். நிலப் பத்திரத்தில் கட்டுப்பாடு இருக்கலாம். ஹாம்ப்ஸ்டெட் கார்டன் சபர்ப்பில் கவுன்சிலைத் தவிர அங்குள்ள டிரஸ்ட்டிடமும் அனுமதி கேட்க வேண்டும்.

பார்த்தும் சந்தேகம் தீரவில்லையா? லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிஃபிகேட் என்று ஒன்று உண்டு. "இதற்கு அனுமதி தேவையில்லை" என்று கவுன்சிலே எழுதிக் கொடுப்பது. சேல்ஸ்மேன் வாய்வார்த்தைக்கு அது எவ்வளவோ மேல்.

படி 2: பழைய ஜன்னலைத் திறந்து பாருங்கள்

இந்தப் படியை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். என் கணக்கில் இதுதான் முக்கியம்.

விக்டோரியா காலத்து வீடுகளில் இருப்பது மேலும் கீழும் நகரும் சாஷ் ஜன்னல். பார்த்தால் விசித்திரமாகத் தோன்றும், உள்ளே நம் ஊர்க் கிணற்றுக் கப்பிதான். இருபுறமும் மரப்பெட்டி; பெட்டிக்குள் கயிற்றில் தொங்கும் இரும்புக் கட்டி; கயிறு கப்பி வழியாக வந்து, கண்ணாடி பொருத்திய சட்டத்தைப் பிடித்திருக்கிறது. கட்டி இறங்கச் சட்டம் ஏறும். பக்கச் சட்டத்தின் கீழ்ப்பகுதியை உற்றுப் பார்த்தால், ஒரு பலகைத் துண்டின் விளிம்பு மெல்லிய கோடாகத் தெரியும். பெயின்ட்டைக் கீறி அதைக் கழற்றினால் உள்ளே கட்டியைக் கையால் எடுக்கலாம். என் வீட்டில் "இறுகிப் போச்சு, தேறாது" என்று ஒருவர் தீர்ப்புச் சொன்ன ஜன்னலில், பழுது என்று பார்த்தால் அறுந்த கயிறு ஒன்றும் ஆறேழு பூச்சுப் பெயின்ட்டும்தான்.

ஒரு எச்சரிக்கை: பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கண்டிப்பாகக் கூடாது.

ஒரு ஸ்க்ரூடிரைவரால் கீழ்ப்பலகையையும் மூலைகளையும் குத்திப் பாருங்கள். மரம் மெத்தென்று உள்ளே போனால் இற்றுவிட்டது. ஆனால் இற்றது பெரும்பாலும் கீழே ஒரு சாண்தான் இருக்கும். நல்ல தச்சர் அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புது மரம் இணைத்துவிடுவார். பழைய பைன் மரம் இன்று கடையில் கிடைப்பதைவிட நெருக்கமான வளையம் கொண்டது என்று என் தச்சர் வெட்டிய முனையைக் காட்டினார். ரேகைகளை எண்ண முடியவில்லை.

இருப்பதைப் பழுது பார்ப்பதற்குப் பொதுவாக அனுமதி தேவையில்லை. குளிர்தான் பிரச்சினை என்றால் இடுக்குகளுக்கு பிரஷ் பட்டை வைத்து, அறையின் உட்புறம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் போடலாம். செகண்டரி கிளேஸிங் என்பார்கள். வெளியே எதுவும் மாறாததால், லிஸ்டட் அல்லாத வீட்டில் இதற்கும் பிளானிங் விண்ணப்பம் வேண்டாம். சாலைச் சத்தத்தை அடக்குவதில் இது பல இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களைத் தோற்கடிக்கும்.

படி 3: மாற்றத்தான் வேண்டும் என்றால், மில்லிமீட்டரில் அளங்கள்

கவுன்சிலின் கன்சர்வேஷன் அதிகாரி பார்ப்பது நிழலை. ஜன்னல் சுவரிலிருந்து எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கிறது, சட்டம் எவ்வளவு தடிமன், இரண்டு பாகமும் சந்திக்கும் நடுச்சட்டம் எவ்வளவு மெல்லியது, இவைதான் தெருவிலிருந்து தெரியும். உள்ளே தள்ளி வைப்பதற்கு ஒரு கதை உண்டு: லண்டனில் தீ பரவுவதைத் தடுக்க, ஜன்னல் சட்டம் சுவர் முகத்திலிருந்து நாலு அங்குலம் உள்ளே இருக்க வேண்டும் என்று 1709-ல் சட்டம் போட்டார்கள். அந்த நிழல் இன்றும் தெருவில் விழுகிறது.

அப்புறம் சின்னக் காது மாதிரி மேல்சட்டத்தின் கீழ்மூலைகளில் தொங்குமே, அது 'ஹார்ன்'. விக்டோரியா காலத்தில் பெரிய கண்ணாடிப் பலகை மலிவானபோது சட்டம் கனத்தது. மூட்டு விட்டுவிடாமல் இருக்க வந்தது இது. அதற்கு முந்தைய ஜார்ஜியன் ஜன்னலில் பொதுவாக இருக்காது. உங்கள் தெருவில் எது என்று பார்த்து வரையச் சொல்லுங்கள். ஜார்ஜியன் வீட்டில் ஹார்ன் வைத்தால் அதிகாரி முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்.

அளக்க வேண்டியவை: திறப்பின் அகலம், உயரம், சுவரிலிருந்து ஆழம், ஒவ்வொரு சட்டத்தின் அகலம், கண்ணாடிகளைப் பிரிக்கும் குறுக்குக் கம்பியின் அகலம். ஒவ்வொன்றையும் டேப்பை வைத்தபடியே போட்டோ எடுங்கள். வரைபடத்தில் முழு ஜன்னல் 1:20 அளவிலும், குறுக்கு வெட்டு 1:5 அல்லது 1:2 அளவிலும் கேட்பது வழக்கம். ஜன்னல் செய்து தரும் தச்சுப் பட்டறையே இதைப் போட்டுத் தரும். "ஹெரிடேஜ் ரேஞ்ச்" என்று அச்சிட்ட பிரசுரத்தை நீட்டுபவரிடம் குறுக்கு வெட்டு கேளுங்கள். தர முடியாவிட்டால் அடுத்தவரைப் பாருங்கள்.

இரட்டைக் கண்ணாடி போட்டால் இன்னொரு விஷயம். வழக்கமான யூபிவிசி ஜன்னலில் கண்ணாடி அடுக்கு 24 அல்லது 28 மி.மீ. தடிமன், மெல்லிய மரச்சட்டத்தில் அது உட்காராது. ஸ்லிம் என்று விற்கும் மெல்லிய அடுக்கு அதில் பாதிதான், நடுவில் காற்றை உறிஞ்சி எடுத்த வேக்வம் கண்ணாடி இன்னும் மெலிது, விலையும் அதற்கேற்ப ஏறும். எதைப் போட்டாலும் ஒற்றைக் கண்ணாடியைவிடச் சட்டம் கனக்கும். பழைய இரும்புக் கட்டி பெரும்பாலும் சமாளிக்காது, ஈயக் கட்டி வேண்டியிருக்கும். மேல்சட்டத்துக்குக் கட்டி கொஞ்சம் கனமாகவும் கீழ்சட்டத்துக்குக் கொஞ்சம் குறைவாகவும் இருந்தால்தான் இரண்டும் தானாக மூடி நிற்கும்.

கதவுக்கும் இதே கதைதான்: பலகை எண்ணிக்கை, மேலுள்ள கண்ணாடி, நிலைக்கு மேலே இருக்கும் ஃபேன்லைட் என்ற சின்ன ஜன்னல். வண்ணக் கண்ணாடி இருந்தால் அதைத் தொடாதீர்கள். நிறம் மட்டும் மாற்றுவதென்றால், லிஸ்டட் இல்லாமலும் ஆர்ட்டிக்கிள் 4-ல் வராமலும் இருந்தால் உங்கள் இஷ்டம்.

பின்பக்க ஜன்னலைத் தோட்டக் கதவாக்குவது வேறு வேலை. அதே அகலத்தில் கீழ்ச்சுவரை மட்டும் இறக்கினால் சுலபம். அகலப்படுத்தினால் மேலே புது உத்தரம், அதற்குக் கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கு. பக்கச் சுவரில் மாடியில் புது ஜன்னல் வைத்தால், விண்ணப்பமில்லாமல் செய்ய மங்கலான கண்ணாடியும், அந்த அறையின் தரையிலிருந்து 1.7 மீட்டருக்குக் கீழே திறக்காத அமைப்பும் வேண்டும்.

படி 4: விண்ணப்பம்

தனி வீடு என்றால், பிளானிங் போர்ட்டல் என்ற இணையதளம் வழியாக ஹவுஸ்ஹோல்டர் விண்ணப்பம். இருப்பிட வரைபடம், இப்போதைய தோற்றம், வரப்போகும் தோற்றம், ஜன்னல் வரைபடங்கள், போட்டோ, பழைமை பற்றிய ஒரு பக்கக் குறிப்பு, இவ்வளவுதான். கட்டணம் அடிக்கடி மாறுகிறது, போர்ட்டலிலேயே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுப்பும் முன், கவுன்சிலின் பிளானிங் பதிவேட்டில் உங்கள் தெருப் பெயரைத் தேடுங்கள். எந்த வீட்டுக்கு அனுமதி கிடைத்தது, எதற்கு மறுத்தார்கள், ஏன் என்று அதிகாரியின் அறிக்கையே இருக்கும். ஒரு மாலை உட்கார்ந்து இதைப் படித்ததில் எனக்குக் கிடைத்தது பணம் கொடுத்தும் கிடைக்காத ஆலோசனை. பக்கத்து வீட்டில் பிளாஸ்டிக் ஜன்னல் இருக்கிறதே என்று வாதிடாதீர்கள். அது உத்தரவுக்கு முன்பே வந்ததாக இருக்கலாம், எடுபடாது.

முடிவுக்கு வழக்கமாக எட்டு வாரம். மறுத்தால் பன்னிரண்டு வாரத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அதிகாரியிடம் பேசி வரைபடத்தைத் திருத்தி மறுபடி கொடுப்பதுதான் சீக்கிரம் முடியும்.

"யார் பார்க்கப் போகிறார்கள்" என்று மாற்றிவிட்டுக் காத்திருக்கலாமே என்பவர்களுக்கு: முன்பு நான்கு வருடம் தாண்டினால் கவுன்சிலால் நடவடிக்கை எடுக்க முடியாது. 2024 ஏப்ரல் 25 அன்றோ அதற்குப் பிறகோ முடிந்த வேலைக்கு அது பத்து வருடம்.

படி 5: பில்டிங் கண்ட்ரோல்

பிளானிங் வேறு, கட்டட விதி வேறு. முழு ஜன்னலையும் மாற்றினால் வெப்பக் கசிவு, பாதுகாப்புக் கண்ணாடி, காற்றோட்டம் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. வெப்பம் எவ்வளவு கசிகிறது என்பதன் அளவு யு வேல்யூ; அது 1.4-க்கு மிகக் கூடாது என்பது பொது விதி. தோற்றம் கெடும் என்றால் கன்சர்வேஷன் ஏரியாவில் தளர்வு கேட்க இடம் இருக்கிறது. ஜன்னல் பொருத்துபவர்களைப் பதிவு செய்யும் ஃபென்சா போன்ற அமைப்பில் பதிவுள்ள ஆள் செய்தால் அவரே சான்றிதழ் தருவார். இல்லையென்றால் நீங்கள் கட்டட விதிகளைச் சரிபார்க்கும் பில்டிங் கண்ட்ரோலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வக்கீல் கேட்கும் முதல் காகிதங்களில் இதுவும் ஒன்று.

புது ஜன்னல் வந்து பெயின்ட் அடித்த அன்று ஒரு வேலை பாக்கி இருக்கும். பூச்சு முழுதாகக் காய்ந்து இறுகுவதற்குள் இரண்டு சட்டத்தையும் பலமுறை ஏற்றி இறக்கிவிடுங்கள். நான் மறந்துபோய், மறுநாள் வெண்ணெய்க் கத்தியோடு ஒரு மணி நேரம் ஜன்னலோரம் நின்றேன்.