மழைக்கு முன் டயரைப் பார்ப்பது எப்படி? புதிதாகக் கார் ஓட்டுபவர்களுக்கு

புரட்டாசி பாதி தாண்டிவிட்டால் எங்கள் பகுதி டயர் கடையில் நிற்க இடம் இருக்காது. வந்திருப்பவர்களில் பாதிப் பேர் முதல் மழையில் ஒருமுறை வழுக்கிப் பயந்தவர்கள். நானும் ஒரு வருடம் அந்த வரிசையில் நின்றவன்தான். அந்தக் கதை கீழே வருகிறது. ஐப்பசி அடைமழை பிடிப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பெரும்பாலான வேலையை வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம். ஒரு டார்ச், ஒரு பழைய துணி, காற்றழுத்தம் பார்க்கும் சின்ன கேஜ் ஒன்று, இவ்வளவு இருந்தால் போதும்.

படி 1: காற்று

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருப்பார்கள். முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு, ஆட்களும் சாமானும் நிறைந்திருந்தால் எவ்வளவு என்று அதில் இருக்கும். சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் 30 முதல் 36 பிஎஸ்ஐக்குள் வரும் (பிஎஸ்ஐ என்பது காற்றழுத்தத்தை அளக்கும் அலகு; கேஜிலும் PSI என்றே இருக்கும்). டயரின் பக்கவாட்டிலும் ஒரு பெரிய எண் அச்சாகியிருக்கும். அது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். அதைப் பார்த்துக் காற்று அடித்துவிடாதீர்கள்.

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பே அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயர் 2 முதல் 4 பிஎஸ்ஐ வரை கூடுதலாகக் காட்டும். பெட்ரோல் பங்கில் சூட்டோடு அளந்துவிட்டு, "காத்து ஜாஸ்தியா இருக்கு சார்" என்று இறக்கிவிட்டால், மறுநாள் காலை டயர் சப்பையாகத்தான் நிற்கும். பஞ்சரே இல்லாவிட்டாலும் மாதம் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தானாகக் குறையும். அதனால் மழைக்காலத்தில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது.

மழைக்குக் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் பிடிப்பு கூடும் என்று யாராவது பெரியவர் சொல்லியிருப்பார். மணலில் சிக்கிய ஜீப்புக்கு அது சரி. தண்ணீர் நிற்கும் தார்ச்சாலையில் நேர் எதிர். காற்று குறைந்த டயரின் நடுப்பகுதி உள்ளே வளைந்துவிடும். தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய பள்ளங்கள் நெருங்கிவிடும். அந்த நிலையில் வேகம் கூடினால் தண்ணீர் டயருக்கு அடியில் புகுந்து வண்டியைத் தூக்கிவிடும். ரப்பர் சாலையையே தொடாமல் தண்ணீர்ப் படலத்தின் மேல் மிதப்பதைத்தான் ஹைட்ரோபிளேனிங் என்கிறார்கள். 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்து இதற்கு ஒரு கணக்கு போட்டார்கள். டயர் எந்த வேகத்தில் முழுவதும் மிதக்கும் என்பதை அதிலுள்ள காற்றழுத்தத்தை வைத்துச் சொல்லிவிடலாம். அதன்படி 33 பிஎஸ்ஐ உள்ள டயர் மிதப்பது மணிக்குச் சுமார் 95 கி.மீ. வேகத்தில். அதே டயரில் 25 பிஎஸ்ஐதான் இருந்தால் சுமார் 83 கி.மீ.யிலேயே மிதந்துவிடும். காருக்கு இதை அப்படியே கோடு கிழித்ததுபோல் எடுத்துக்கொள்ள வேண்டாம். டயர் தேய்ந்திருந்தால் இதைவிடக் குறைந்த வேகத்திலேயே பிடிப்பு போகும்.

நைட்ரஜன் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், தப்பில்லை. ஆனால் நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அதற்குக் கொடுக்கிற காசை நான் கேஜ் வாங்கக் கொடுப்பேன்.

படி 2: தேய்மானம்

ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்துவிட்டு முன் டயருக்கு எதிரே குந்துங்கள். துணியால் மண்ணைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். டயரைச் சுற்றி நீளவாக்கில் ஓடும் பெரிய பள்ளங்கள் தெரியும். அந்தப் பள்ளத்துக்குள் விரலை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே போனால், ஓரிடத்தில் சின்ன மேடு ஒன்று தட்டுப்படும். தேய்மானம் எங்கே முடிகிறது என்று காட்டும் அடையாளம் அது. தேடிக் கிடைக்கவில்லையென்றால் டயரின் தோள் பகுதியில், அதாவது பக்கவாட்டின் மேல் விளிம்பில், சின்ன முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ (TWI) என்ற எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேராக உள்ளே பாருங்கள். அந்த மேட்டின் உயரம் 1.6 மி.மீ. டயரின் மேற்பரப்பு தேய்ந்து மேட்டோடு மட்டமாகிவிட்டால், அது மொட்டை டயர். சட்டப்படியும் அதோடு ஓட்டக் கூடாது.

புது டயரில் பள்ளம் சுமார் 8 மி.மீ. இருக்கும். வெயில் காலத்தில் 2 மி.மீ. வரை இழுத்துப்பிடிப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மழைக்காலத்துக்குள் நுழையும்போது 3 மி.மீ.க்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள். கடைசி 2 மி.மீ.யில் மிச்சமாகும் பணம் ஒரு பம்பர் மாற்றுவதற்குக்கூடக் காணாது.

ஒரே இடத்தில் மட்டும் அளந்துவிட்டு எழுந்துவிட வேண்டாம். உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்திலும் பாருங்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் இத்தனை நாள் காற்று அதிகமாக இருந்திருக்கிறது. இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் என்றால் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், போயிருக்கிறது. நேர்ச்சாலையில் வண்டி ஒரு பக்கமாக இழுப்பதையும் கவனித்திருப்பீர்கள். உள் ஓரம்தான் ஏமாற்றும். வெளியிலிருந்து பார்க்கப் புதுசுபோல இருக்கும். உள்ளே கம்பி எட்டிப் பார்க்கும்.

படி 3: வயசும் காயமும்

பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் நீளமான வரியில் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரான டயர். அதிகம் ஓடாத வண்டியில் டயர் தேயாது, ஆனால் நம் ஊர் வெயிலில் ரப்பர் இறுகிவிடும். இறுகிய ரப்பர் ஈரத்தில் வழுக்கும். ஐந்து வருடம் தாண்டியதை வருடா வருடம் கடையில் காட்டுங்கள். பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகளோ, எலுமிச்சம்பழம் ஒளித்து வைத்ததுபோல் ஒரு புடைப்போ இருந்தால் யோசிக்காமல் மாற்ற வேண்டும். புடைப்பு என்றால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. அதற்குப் பஞ்சர் கடையில் வைத்தியம் இல்லை.

படி 4: இரண்டு புது டயர் வாங்கினால் எங்கே போடுவது?

சொல்கிறேன் என்ற கதை இதுதான். நான்கும் வாங்கக் காசில்லாமல் இரண்டு மட்டும் வாங்கினேன். "முன் சக்கரம்தானே வண்டியை இழுக்குது, புதுசை முன்னாடி போட்டுடுங்க" என்றார் கடைக்காரர். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அடுத்த மாதம் திண்டிவனம் தாண்டி ஒரு வளைவில் மழைத்தண்ணீர் பாய் விரித்ததுபோல் நின்றது. முன் சக்கரங்கள் ஜம்மென்று திரும்பின. பின்பக்கம் திரும்பவில்லை, நேராகப் போனது. கண்ணாடியில் பார்க்க வேண்டிய லாரி பக்கவாட்டு ஜன்னலில் தெரிந்தது. வண்டி முக்கால் வட்டம் சுற்றி ஓரத்து மண்ணில் நின்றது. யாருக்கும் அடியில்லை, ஆனால் அன்று அதற்கு மேல் நான் ஓட்டவில்லை.

புது டயர் பின்னால்தான் போக வேண்டும், வண்டியை எந்தச் சக்கரம் இழுத்தாலும் சரி. முன் டயர் வழுக்கினால் ஸ்டீயரிங் லேசாகிவிடும், வண்டி வளைய மறுக்கும்; உங்களுக்கு உடனே தெரியும், வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். பின் டயர் வழுக்கினால் தெரிய வரும்போதே வண்டி சுற்றத் தொடங்கியிருக்கும். புதிதாக ஓட்டுபவரால் அதைப் பிடிப்பது கடினம். கடையில் மறுத்துப் பேசினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றிப் போட்டு வந்தால் நான்கும் ஒன்றுபோலத் தேயும். இந்த வாக்குவாதமே வராது.

படி 5: சாலையில்

நாள் முழுக்க அடிக்கும் மழையைவிட முதல் பத்து, இருபது நிமிடத் தூறல்தான் மோசம். மாதக்கணக்கில் படிந்த எண்ணெய், தூசி, ரப்பர்த் துகள் எல்லாம் குழைந்து சாலை சோப்பு போட்டதுபோல் ஆகிவிடும். பாலங்களின் இரும்பு இணைப்புகள், வெள்ளைக் கோடுகள், மலைப்பாதை ஓரத்துப் பாசி, இவற்றின் மேல் போகும்போது பிரேக் பிடிக்காதீர்கள், ஸ்டீயரிங்கையும் சட்டென்று திருப்பாதீர்கள். டெல்டா பக்கம் குறுவை அறுவடை நேரத்தில் சாலையிலேயே நெல் காயப்போடுவார்கள். அதன் மேல் மழையே இல்லாமலும் வழுக்கும்.

முன்னால் போகும் வண்டி ஒரு மரத்தைத் தாண்டியதும் எண்ணத் தொடங்குங்கள். காய்ந்த சாலையில் மூன்று விநாடி கழித்து நீங்கள் அந்த மரத்தை அடையலாம். ஈரச் சாலையில் குறைந்தது ஐந்து. குறுக்கே ஆட்டோ நுழையத்தான் செய்யும். நுழையட்டும், மறுபடி இடைவெளி விடுங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்காமலே வண்டியை ஒரே வேகத்தில் ஓட வைக்கும் குரூஸ் கன்ட்ரோல் இருந்தால் மழையில் அணைத்து வையுங்கள்.

ஸ்டீயரிங் திடீரென்று பஞ்சுபோல் லேசாகிவிட்டால் டயர் மிதக்கிறது என்று பொருள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், பிரேக்கை மிதிக்காதீர்கள். பிடிப்பு திரும்பியது கையில் தெரியும். பின்பக்கம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போனால் ஸ்டீயரிங்கையும் இடப்பக்கமே மெல்லத் திருப்ப வேண்டும். எதிரே மாடோ ஆளோ வந்து அவசரமாக நிறுத்த வேண்டியிருந்தால் அது வேறு. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் பிரேக்கை முழுக்க அழுத்தி அப்படியே வைத்திருங்கள். பெடல் கடகடவென்று காலை உதைக்கும்; பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், அப்படித்தான் அது வேலை செய்யும். 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் புதுக் கார்களில் ஏபிஎஸ் கட்டாயம்.

வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலோ நீலகிரியில் கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவுகளிலோ இறங்கும்போது இரண்டாவது கியர், தேவைப்பட்டால் முதல் கியர். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் போய் பிரேக் பிடித்தால் ஈரத்தில் டயர் திரும்புமா, நிற்குமா என்று தடுமாறும்.

கடைசியாக டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் பாருங்கள். பல வண்டிகளில் அது மற்ற நான்கையும்விடச் சின்னது, 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாதே என்று அதன் மேலேயே ஒட்டியிருக்கும். காற்றழுத்தமும் வேறாக இருக்கலாம். என் ஸ்டெப்னியில் நான் கடைசியாக அளந்தபோது 11 பிஎஸ்ஐ இருந்தது.