பழைய சுண்ணாம்புச் சுவர் அறையைக் குறைந்த செலவில் புதுப்பிப்பது எப்படி?

பழைய வீடுகளில் ஓர் அறை எப்போதும் தட்டுமுட்டுச் சாமான்களோடு கிடக்கும். எங்கள் வீட்டில் இருந்த அப்படி ஒரு பத்துக்குப் பத்து அறையை விருந்தினர் தங்கும் அறையாக மாற்றினேன். பெயிண்டர் வைக்கவில்லை, புதுக் கட்டிலும் வாங்கவில்லை. செலவில் பெரும்பகுதி சுவருக்குப் போனது. அது சரியான செலவுதான். கட்டிலையும் திரையையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். சுவர் வேலையைத் திரும்பச் செய்வது கஷ்டம்.

1. தரையை மூடுங்கள்

செய்தித்தாள் வேண்டாம், ஈரம் பட்டதும் கிழிந்துவிடும். பழைய பிளெக்ஸ் பேனர் கிடைத்தால் அதுதான் சிறந்தது, பெயிண்ட் ஒரு சொட்டுகூடக் கீழே இறங்காது. வழுக்கும் என்பதால் ஓரங்களை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

2. சுரண்டுங்கள் (முக்கியமான வேலை இதுதான்)

பெயிண்ட் கடைக்குப் போகும் முன் உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேயுங்கள். கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் அடியில் இருப்பது சுண்ணாம்பு அல்லது பழைய டிஸ்டெம்பர். அதன் மேல் நேராகப் பட்டி (சுவரைச் சமப்படுத்தத் தடவும் பூச்சு) பார்த்தால், பட்டி சுவரைப் பிடிக்காமல் பொடியைத்தான் பிடிக்கும். பார்க்க நன்றாகவே இருக்கும். ரோலரை உருட்டி ஈரம் பட்டதும் அப்பளம் போலப் பெயர்ந்து வரும். ஜன்னல் பக்கத்துச் சுவர் இப்படித்தான் வந்தது. மொத்தத்தையும் எடுத்துவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது.

காய்ந்த சுவரைச் சுரண்டாதீர்கள், அறை முழுக்கத் தூசி பறக்கும். ஒரு பகுதியில் தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, பட்டித் தகட்டைச் சாய்வாக வைத்துத் தள்ளினால் சுண்ணாம்பு அடை அடையாக வரும். பிறகு ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு துண்டு செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் பொடி வந்தால் இன்னும் சுரண்ட வேண்டும். முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம், சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து.

கதவு, ஜன்னல் கம்பிகளில் பழைய எனாமல் இருந்தால் காய்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தொட்டு, வாட்டர் பேப்பரில் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தேயுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

3. பட்டி, பிரைமர்

வெள்ளை சிமெண்ட் பட்டிதான் என் தேர்வு. சுவரை லேசாக நனைத்துவிட்டுத் தடவுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள், நேரம் போனால் டப்பாவிலேயே இறுகிவிடும். தடிமனாக ஒரு கோட் போடுவதைவிட மெல்லியதாக இரண்டு கோட் நல்லது. முதல் கோட் காய்ந்தபின்தான் இரண்டாவது.

உப்புத்தாள் போடும்போது அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். அந்த இடங்களை மட்டும் தேய்த்தால் போதும். பிறகு தூசியைத் துடைத்து, பெயிண்டுக்கு அடிப்பூச்சான பிரைமர் ஒரு கோட்.

4. நிறம்

ஷேட் கார்டை நம்ப வேண்டாம். சின்ன டப்பா ஒன்று வாங்கி, வெள்ளை சார்ட் பேப்பரில் இரண்டு கோட் அடித்து ஒவ்வொரு சுவரிலும் ஒட்டிப் பாருங்கள். காலை வெயிலில் இதமாகத் தெரிந்த வெளிர் பச்சை, இரவில் டியூப்லைட்டின் கீழ் ஆஸ்பத்திரிச் சுவராகிவிட்டது. கடைசியில் சந்தன நிறத்துக்குப் போனேன்.

5. பெயிண்ட்

பத்தடி உயரமுள்ள இந்த அறைக்கு, கதவு ஜன்னல் கழித்து நாலு சுவரும் சுமார் 350 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு 6 லிட்டர் எமல்ஷன் வாங்கினால் சரியாக இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட டப்பா என்றால் எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் கலந்துவிடுங்கள். மெஷினில் கலந்த நிறம் டப்பாவுக்கு டப்பா சற்றே மாறலாம்.

மூலைகளுக்குப் பிரஷ், மற்ற இடத்துக்கு 9 அங்குல ரோலர். ரோலரில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், மலிவான ரோலரின் முடி சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். மாஸ்கிங் டேப்பைக் கடைசிக் கோட் முழுசாகக் காயும் முன்பே உரியுங்கள்.

6. மற்றவை

அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை இரண்டு திரைகளாகிவிட்டது. பரணில் கிடந்த இரும்புக் கட்டிலுக்குத் துரு நீக்கி, ரெட் ஆக்சைடு பிரைமரும் கறுப்பு எனாமலும் அடித்தேன். மஞ்சள் ஒளி எல்இடி பல்பு ஒன்று. அவ்வளவுதான்.

பின்சேர்க்கை: ஓதம் ஏறும் சுவருக்கு என்ன செய்வது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. குழாய்க் கசிவோ வெளிச்சுவர் விரிசலோ, அதை முதலில் அடைத்துவிட்டுப் பட்டியைத் தொடுங்கள். வெளிப்பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும்.