குவாண்டம் செய்திகளில் எங்கே கோட்டை விடுகிறோம்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 அக்டோபர் 7 அன்று இயற்பியல் நோபல் அறிவிப்பு வந்ததும் வழக்கம்போல "குவாண்டம் கம்ப்யூட்டர் கண்டுபிடித்தவர்களுக்கு நோபல்" என்கிற ரீதியில் பதிவுகள் சுற்ற ஆரம்பித்தன. பாராட்டுவது நல்ல விஷயம்தான், ஆனால் பரிசு அதற்காகத் தரப்படவில்லை. குவாண்டம் (அணு, எலக்ட்ரான் அளவில் நடக்கும் விஷயங்களின் இயற்பியல்) பற்றி வரும் செய்திகளில் முழுப் பொய் ரொம்பக் குறைவு. உண்மையான ஒரு விஷயத்திலிருந்து "எந்த வேலையில், எதோடு ஒப்பிட்டு, எவ்வளவு சின்ன அளவில்" என்கிற வால் மட்டும் வெட்டப்பட்டிருக்கும். வால் போனதும் அது வேறு பிராணியாகிவிடுகிறது.

நோபலையே எடுத்துக்கொள்வோம். ஜான் கிளார்க், மிஷெல் டெவோரே, ஜான் மார்ட்டினிஸ் ஆகிய மூவரும் பரிசு வாங்கியது 1984, 85 வாக்கில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் செய்த சோதனைகளுக்காக. அப்போது கிளார்க் பேராசிரியர், டெவோரே முனைவர் பட்டம் முடித்துவிட்டுப் பாரீசிலிருந்து வந்து சேர்ந்தவர், மார்ட்டினிஸ் ஆராய்ச்சி மாணவர். நோபல் வந்த வருஷத்தையே கண்டுபிடிப்பு நடந்த வருஷமாக எடுத்துக்கொள்வதுதான் இங்கே நடக்கும் முதல் தவறு. நடுவில் ஓடியது நாற்பது வருஷம்.

அவர்கள் செய்தது என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் மற்ற செய்திகளில் பாதி தானாகத் தெளிந்துவிடும். இரண்டு மீக்கடத்திகளுக்கு (மின்தடையே இல்லாத பொருள்களுக்கு) நடுவே மிக மெல்லிய ஒரு மின்கடத்தாப் படலம். இதற்கு ஜோசஃப்சன் சந்தி என்று பெயர் (இதைக் கணித்த பிரையன் ஜோசஃப்சன் 1973லேயே நோபல் வாங்கிவிட்டார்). அதில் மின்னோட்டம் விட்டால் வோல்டேஜே இல்லாமல் ஓடும். உள்ளே இருக்கும் எண்ணற்ற எலக்ட்ரான் ஜோடிகள் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு பொருளைப் போல நடந்துகொள்கின்றன, அந்த மொத்தமும் வோல்டேஜ் இல்லாத நிலையில் ஒரு தடுப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம். பழைய இயற்பியல்படி அது வெளியே வர வேண்டுமென்றால் வெப்பம் தள்ளிவிட வேண்டும். ஆகவே குளிரக் குளிர அது வெளியே வருவது அரிதாகிக்கொண்டே போக வேண்டும். பெர்க்லிக் குழு தனிச்சுழிக்கு, அதாவது அதற்குக் கீழே குளிரவே முடியாது என்கிற வெப்பநிலைக்கு, மிக அருகே வரை குளிரவைத்துப் பார்த்தது. ஒரு கட்டத்துக்குக் கீழே இன்னும் குளிரவைத்தாலும் வெளியேறும் வேகம் குறையவில்லை. திடீரென்று வோல்டேஜ் தோன்றும், அதாவது தடுப்பைத் தாண்டாமலேயே அந்தப் பக்கம் போய்விட்டது. டன்னலிங் என்பது இதுதான். தனி எலக்ட்ரான் அப்படிப் போவது 1920களிலிருந்தே தெரிந்த சங்கதி. இங்கே போனது கண்ணால் பார்க்கக்கூடிய அளவுள்ள சில்லில் (சிப்) இருக்கும் ஒரு மின்சுற்றின் மொத்த நிலை. பிறகு அதன்மேல் மைக்ரோ அலைகளைச் செலுத்தினார்கள். குறிப்பிட்ட சில அதிர்வெண்களில் மட்டும் அது சட்டென்று வெளியேறியது. அணுவுக்கு இருப்பது போலவே அந்தச் சுற்றுக்கும் ஆற்றல் படிகள் உண்டு என்பது அதிலிருந்து தெரிந்தது.

இதில் எனக்குப் பிடித்தது வேறு ஒரு பகுதி. இதே மாதிரி டன்னலிங் அறிகுறிகளை 1981லேயே வேறு குழுக்கள் பார்த்திருந்தன. ஆனால் வெளியிலிருந்து கம்பி வழியாக வரும் மின்காந்த இரைச்சலும் அதே விளைவைக் காட்டிவிடலாமே? அந்தச் சந்தேகத்துக்கு இடம் தராத அளவு வடிகட்டிகள் போட்டு, கருவியின் ஒவ்வொரு அளவையும் தனியாக அளந்து, கணக்கு சொல்வதும் சோதனை சொல்வதும் பொருந்துகிறதா என்று பார்த்ததுதான் இவர்கள் வேலையின் சிறப்பு. செய்தியில் இந்தப் பகுதி வராது, வந்தாலும் யாரும் ஷேர் செய்ய மாட்டார்கள்.

மீக்கடத்தி கியூபிட் வந்தது இதற்கு ரொம்பப் பிறகு (சாதாரணக் கம்ப்யூட்டருக்குப் பிட் எப்படியோ, குவாண்டம் கம்ப்யூட்டருக்குக் கியூபிட் அப்படி). 1999இல் ஜப்பானின் என்இசி நிறுவனத்தில் முதல் கியூபிட் வேலை செய்தது. பின்னாளில் மார்ட்டினிஸ் கூகுளின் குவாண்டம் குழுவை நடத்தினார், டெவோரே இப்போது அங்கே தலைமை விஞ்ஞானியாக இருக்கிறார், அதனால் "கூகுளுக்கு நோபல்" என்றும் சிலர் எழுதிவிட்டார்கள். பெர்க்லி சோதனை நடந்தபோது கூகுள் என்றொரு கம்பெனியே கிடையாது.

இதையும் 2022 நோபலையும் போட்டுக் குழப்புவது அடுத்த தவறு. அது அலான் ஆஸ்பெ, ஜான் கிளாசர், ஆன்டன் சைலிங்கர் ஆகியோருக்கு, பின்னப்பட்ட, அதாவது தூரத்தில் இருந்தாலும் அளவீட்டு முடிவுகள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும், ஒளித்துகள்களை வைத்து, அந்தப் பிணைப்பு நிஜமா என்று பார்த்த பெல் சோதனைகளுக்காகக் கிடைத்தது. அதிலிருந்து கிளம்பியதுதான் "ஒளியை விட வேகமாகத் தகவல் அனுப்பலாம்" என்கிற கதை. முடியாது. பின்னப்பட்ட இரண்டு துகள்களில் ஒன்றை இங்கே அளந்தால் அங்கே உள்ளதன் முடிவும் இதோடு ஒத்துப்போகும், வாஸ்தவம். ஆனால் இங்கே என்ன முடிவு வரும் என்பது நம் கையில் இல்லை, அங்கே இருப்பவருக்குத் தன் பக்கம் தெரிவதும் வெறும் தாறுமாறான எண்கள்தான். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மட்டுமே தொடர்பு தெரியும், அந்தப் பட்டியலை அனுப்ப ஃபோனோ கடிதமோ வேண்டும். சீனாவின் மிசியஸ் செயற்கைக்கோள் 2017இல் 1,200 கிலோமீட்டர் இடைவெளியில் பின்னலைக் காட்டியபோதும் இந்த விதி அப்படியே நின்றது.

சரி, இப்போது வருஷக் கணக்குக்கு வருவோம். 2019இல் கூகுளின் 53 கியூபிட் சைக்கமோர் சில்லு, சூப்பர் கம்ப்யூட்டருக்கு 10,000 வருஷம் ஆகும் வேலையை 200 விநாடியில் முடித்தது என்றார்கள். ஐபிஎம் உடனே, நல்ல முறையில் செய்தால் இரண்டரை நாள் போதும் என்றது. 2022இல் ஒரு சீனக் குழு சில நூறு ஜிபியுக்களை (கிராபிக்ஸ் சில்லுகளை) வைத்துச் சுமார் 15 மணி நேரத்தில் அதற்குச் சமமான வேலையைச் செய்து காட்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. அன்றைக்குத் தெரிந்திருந்த சிறந்த வழியோடு ஒப்பிட்டுத்தான் அந்த 10,000 வருஷம், வழி மாறினால் எண்ணும் மாறும். 2024 டிசம்பரில் வில்லோ சில்லு வந்தபோது அந்த எண் 1க்குப் பின் 25 சைபர் வருஷம் என்று ஆனது, பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி வருஷம்தான் என்பதால் தலைப்பு தானாகவே அமைந்துவிட்டது. அந்த வேலை என்ன? கண்டபடி அமைத்த ஒரு குவாண்டம் சுற்றை ஓட்டி, அதிலிருந்து வரும் எண்களைப் பொறுக்கி எடுப்பது. பகடைக் காயை உருட்டி எந்தப் பக்கம் எத்தனை தரம் விழுகிறது என்று எழுதிவைப்பது போலத்தான்; யந்திரம் குவாண்டமாக ஓடுகிறதா என்று சோதிக்க அது நல்ல பரீட்சை, மற்றபடி அந்த எண்களை வைத்து யாரும் ஒன்றும் செய்வதில்லை.

வில்லோவின் உண்மையான சாதனை அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. கியூபிட்டுகள் சீக்கிரம் பிழை செய்யும். நிறைய கியூபிட்டைச் சேர்த்து ஒரு நம்பகமான கியூபிட்டை உண்டாக்கலாம் என்று 1990களிலேயே கணக்குப் போட்டுவிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு கியூபிட்டும் ஓரளவாவது ஒழுங்காக இருந்தால்தான் அது பலிக்கும், இல்லையென்றால் கியூபிட்டைச் சேர்க்கச் சேர்க்கப் பிழைதான் கூடும். வில்லோவில் 3×3, 5×5, 7×7 என்று கட்டத்தைப் பெரிதாக்கியபோது ஒவ்வொரு படியிலும் பிழை பாதிக்கும் கீழே இறங்கியது. கிட்டத்தட்ட முப்பது வருஷக் கணக்குக்குச் சோதனைச் சாட்சி அங்கே கிடைத்தது. அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது: 7×7 கட்டத்துக்குப் பிழை பார்க்கும் துணைக் கியூபிட்டுகளையும் சேர்த்து 101 கியூபிட் செலவாயிற்று, கிடைத்தது தகவலைப் பத்திரமாக வைத்திருக்கும் ஒரே ஒரு தருக்கக் கியூபிட். அதன் ஆயுள் சில்லிலேயே நன்றாக இருந்த தனிக் கியூபிட்டின் ஆயுளைப் போல 2.4 மடங்கு. பெருமைப்படவும் நிதானமாக இருக்கவும் இரண்டுக்கும் இந்த ஒரு எண்ணே போதும்.

அதனால்தான் கியூபிட் எண்ணிக்கையை மொபைல் கேமராவின் மெகாபிக்சல் மாதிரி ஒப்பிடுவது உதவாது. ஐபிஎம் 2023இல் 1,121 கியூபிட் உள்ள காண்டோர் சில்லைக் காட்டியது, கூடவே அறிமுகம் செய்த 133 கியூபிட் ஹெரான்தான் பிழை குறைவு என்று அதைத்தான் முன்னுக்குக் கொண்டுவந்தது. டி-வேவ் கம்பெனியின் யந்திரங்களில் ஆயிரக்கணக்கில் உண்டு, ஆனால் அவை குறிப்பிட்ட வகைக் கணக்குகளுக்கான வேறு ரகம், இந்த வரிசையில் வைத்து எண்ணவே கூடாது. 2025இல் கால்டெக் குழு 6,100 அணுக்களை லேசரால் பிடித்து வரிசையாக நிறுத்தியது. பிரமாதமான வேலை, ஆனால் நிறுத்துவது வேறு, கணக்குப் போடவைப்பது வேறு.

கம்பெனி அறிவிப்பையும் ஆய்வுக் கட்டுரையையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதுதான் எனக்கு ரொம்ப எரிச்சலூட்டும் தவறு. 2025 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் தன் மயோரானா 1 சில்லை அறிவித்தது, பொருளின் புதிய நிலை என்றெல்லாம் சொன்னது. அதே நாளில் நேச்சர் இதழில் கட்டுரையும் வந்ததால் இதழே ஒப்புக்கொண்டுவிட்டது என்று பலர் நினைத்தார்கள். ஆனால் அந்தக் கட்டுரையோடு வெளியான மதிப்பீட்டுக் கோப்பில், இந்த முடிவுகள் மயோரானா நிலைகள் (அந்தச் சில்லின் கியூபிட்டுக்கு அடிப்படையாகச் சொல்லப்படும் விசேஷ எலக்ட்ரான் நிலைகள்) இருப்பதற்குச் சான்றாகாது, சாதன அமைப்புக்காகத்தான் இதை வெளியிடுகிறோம் என்று ஆசிரியர் குழுவே எழுதியிருந்தது. போதாக்குறைக்கு, அதே துறையில் மைக்ரோசாஃப்ட் ஆதரவோடு நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் நடந்த ஆய்வு ஒன்று 2018இல் நேச்சரில் வந்து 2021இல் திரும்பப் பெறப்பட்டது. அவர்கள் பாதை தோற்றுவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை, அது பலித்தால் பெரிய விஷயம்தான். நிரூபணம் ஆகிவிட்டது என்று இன்றைக்கு எழுதுவதுதான் தவறு. இதே ரகம்தான் 2022இல் வந்த "விஞ்ஞானிகள் புழுத்துளையை உருவாக்கினர்" செய்தியும். நடந்தது 9 கியூபிட்டில் எளிமையாக்கப்பட்ட ஒரு மாதிரிக் கணக்கு. வெளியில் எந்தத் துளையும் விழவில்லை.

"எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்க்கும்" என்கிற விளக்கம் நம் யூடியூப் சேனல்களில் சலிக்காமல் வருகிறது. அப்படிப் போட்டாலும் கடைசியில் அளக்கும்போது ஒரே ஒரு விடைதான் கையில் கிடைக்கும், அதுவும் எது வரும் என்று தெரியாது. தவறான விடைகளின் அலைகள் ஒன்றையொன்று அழித்து, சரியானது வலுக்கும்படி கணக்கை அமைக்க வேண்டும், அப்படி அமைக்க முடிகிற கணக்குகள் கொஞ்சம்தான். ஆகவே உங்கள் எக்செல் வேகமாகத் திறக்காது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 ஜனவரியில் என்விடியாவின் ஜென்சன் ஹுவாங், பயனுள்ள குவாண்டம் கம்ப்யூட்டர் வர 20 வருஷம் ஆகலாம் என்று பேச்சுவாக்கில் சொன்னார், மறுநாளே ஐயன்கியூ, ரிகெட்டி என்கிற குவாண்டம் கம்பெனிகளின் பங்குகள் கிட்டத்தட்ட 40 முதல் 45 சதவீதம் வரை விழுந்தன. இரண்டு மாதத்தில் அவரே அந்தக் கணிப்பு தப்பு என்றார். ஒரு மனிதரின் ஒரு வாக்கியத்தில் இவ்வளவு ஆடுகிற இடத்தில், நோபல் செய்தியைப் பார்த்துவிட்டுச் சீட்டுப் பணத்தைப் போடாதீர்கள். அப்புறம் "குவாண்டம் எனர்ஜி" டாலர், காப்பு வகையறா. இவற்றுக்கும் இயற்பியலுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 5ஜியிலிருந்து காப்பாற்றும் என்று விற்ற கழுத்தணி, காப்பு போன்ற 10 பொருள்களில் கதிரியக்கம் இருப்பதாக நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பரில் எச்சரித்தது. உடம்பில் போடுவதற்கு முன் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பாஸ்வேர்டு பயம். 2024 அக்டோபரில் "சீனர்கள் ராணுவத் தரப் பூட்டை உடைத்துவிட்டார்கள்" என்று வந்தது ஞாபகம் இருக்கும். ஷாங்காய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டி-வேவ் யந்திரத்தில் பகா எண்களாகப் பிரித்தது 22 பிட் எண். அதை உங்கள் ஃபோனே கண் மூடித் திறப்பதற்குள் பிரித்துவிடும். நிஜ உலகில் பயன்படும் ஆர்எஸ்ஏ (பெரிய எண்ணைப் பகா எண்களாகப் பிரிப்பது கஷ்டம் என்பதை நம்பித் தகவலைப் பூட்டும் முறை) 2,048 பிட். பிட் கூடக் கூட எண் இரட்டிப்பாகிக்கொண்டே போகும் என்பதால் 22க்கும் 2,048க்கும் உள்ள தூரம் சும்மா நூறு மடங்கு இல்லை.

இதைக் கேட்டதும் "அப்போ ஒன்றும் ஆகாது" என்று சாய்ந்து உட்கார்வது எதிர்ப்பக்கத் தவறு, அதுவும் சின்னத் தவறில்லை. பீட்டர் ஷோர் 1994இல் எழுதிய வழிமுறைப்படி போதுமான யந்திரம் இருந்தால் ஆர்எஸ்ஏ உடையும், அதில் சந்தேகமே இல்லை. 2019இல் ஆய்வாளர்கள் கிரெய்க் கிட்னியும் மார்ட்டின் ஏக்கராவும் போட்ட கணக்கில் அதற்கு 2 கோடி கியூபிட் தேவைப்பட்டது. 2025 மே மாதம் கிட்னி மறுபடி கணக்குப் போட்டபோது அது 10 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது, ஒரு வாரத்துக்குள் வேலை முடியும் என்கிறார். யந்திரம் வளர்வது ஒரு பக்கம், யந்திரத்துக்கான தேவை சுருங்குவது இன்னொரு பக்கம். இதற்கு நடுவில், இன்றைக்குப் பூட்டிய நிலையில் அள்ளிவைத்துக்கொண்டு பிற்காலத்தில் திறந்து படிப்பது என்கிற வழியும் இருக்கிறது. இன்றைய வாட்ஸ்அப் அரட்டையை 15 வருஷம் கழித்து யார் படித்தால் என்ன, ஆனால் மருத்துவப் பதிவும் அரசு ஆவணமும் அப்படி இல்லை.

மாற்றுப் பூட்டு ஏற்கனவே தயார். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் மூன்று புதிய தரங்களை வெளியிட்டது, குரோம், சிக்னல், ஆப்பிளின் ஐமெசேஜ் எல்லாம் இந்த வகைப் பூட்டுக்கு மாறத் தொடங்கிவிட்டன. இவை சாதாரணக் கம்ப்யூட்டரிலும் ஃபோனிலும் ஓடும் கணிதம்தான், குவாண்டம் யந்திரம் எதுவும் தேவையில்லை, ஆகவே "குவாண்டம் பாதுகாப்பு பாக்ஸ்" என்று யாராவது விற்க வந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். தனி மனிதராக நீங்கள் செய்ய வேண்டியது ஃபோனுக்கு அப்டேட் வந்தால் போடுவது, அவ்வளவுதான். அலுவலகத்தில் சர்வர் பார்க்கிறவராக இருந்தால் வேலை கொஞ்சம் கூட: எங்கெங்கே ஆர்எஸ்ஏ இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட ஆரம்பியுங்கள். நிஸ்ட் 2024 நவம்பரில் வெளியிட்ட வரைவுத் திட்டப்படி 2035க்குப் பிறகு அதற்கு அனுமதி கிடையாது, பழைய சிஸ்டங்களில் அது எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவே உங்களுக்குச் சில வருஷம் ஓடிவிடும்.