முன் சில்லு ஹப்: கழற்றிய நட்டையே திரும்பப் பூட்டினால்

கராஜுக்கு வேலை பழக வரும் தம்பிமார், முன் சில்லைப் பிரித்ததும் நட், பொல்ட் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துத் தட்டில் வரிசையாக அடுக்கி வைப்பார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தத் தட்டில் உள்ள எல்லாமே திரும்பவும் வண்டிக்குப் போகக் கூடாது. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுப்பது, கிரீஸ் வைக்க மறப்பது போன்றவை எல்லோருக்கும் தெரிந்த தவறுகள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

2020இல் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. 2025 வரை புதிதாகக் கார்கள் அநேகமாக வரவில்லை. அதனால் மலையகத்தில் ஓடும் வண்டிகளில் பல, ஒரே ஹப்பை, அதாவது சில்லு பூட்டப்படும் நடுப்பகுதியை, பல கைகள் பிரித்துப் பூட்டியவை. நீங்கள் கழற்றும் நட், உங்களுக்கு முன்னரே ஒருவர் கழற்றிப் பூட்டிய நட்டாக இருக்கலாம்.

எக்ஸல் நட்

எனக்கு இன்றும் கோபம் வருவது இதில்தான்.

டொயோட்டா கொரோலா, விட்ஸ் போன்ற முன் சில்லு இழுவைக் கார்கள் பலவற்றில், சில்லைச் சுழற்றும் தண்டான எக்ஸலின் நுனியில் ஒரு காடி இருக்கும். நட்டின் மெல்லிய விளிம்பை அந்தக் காடிக்குள் பன்ச் வைத்து அடித்து மடக்கியிருப்பார்கள். நட் தானாகக் கழலாமல் காப்பது அந்த மடிப்பு. ஒரு தடவை மடக்கி, நிமிர்த்திய விளிம்பில் பழைய பலம் இருக்காது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் விழுந்திருக்கலாம். இந்த நட்டைத் திரும்பப் பாவிக்க வேண்டாம் என்று டொயோட்டாவின் பழுதுபார்ப்புக் கையேட்டிலேயே இருக்கிறது.

பழையதைப் பூட்டுவதே பிழை. அதைவிடப் பெரிய பிழை அதற்கு அடுத்து நடப்பது. முறையாக இறுக்கினால் பழைய மடிப்பு காடிக்கு நேராக வருவதில்லை. உடனே நட்டைக் கொஞ்சம் பின்னால் திருப்பி, மடிப்பைக் காடிக்கு நேராக்கி, ஒரு அடி போட்டு முடித்துவிடுகிறார்கள். அந்தக் கொஞ்சத்தில்தான் பெயாரிங் போகிறது. பல கொரோலாக்களுக்கு இந்த நட்டின் இறுக்கம் 216 நியூட்டன் மீட்டர். அதாவது ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 22 கிலோ தொங்கும் அளவு. பெயாரிங்கின் இரண்டு உள் வளையங்களையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்திருப்பது இந்த இறுக்கம்தான். அது குறைந்தால் வளையங்களுக்கு இடையில் ஆட்டம் வரும். எக்ஸலின் பற்களும் ஹப்பின் பற்களும் மோதித் தேயத் தொடங்கும்.

கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் பாதையை நினைத்துப் பாருங்கள். நேர்ப்பாதை குறைவு, வளைவுக்கு மேல் வளைவு. ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் பாரம் வெளிப்பக்க ஹப்பில் சாயும். சமவெளியில் நாள் பிடிக்கும் சேதம் இங்கே சீக்கிரம் வந்துவிடும்.

ஒருமுறை தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு விட்ஸ் வந்தது. முன்னுக்கு எடுக்கும்போதும் ரிவர்ஸ் போடும்போதும் "டக்" என்று ஒரு சத்தம். வேறோர் இடத்தில் எக்ஸலின் மூட்டான சீவி ஜொயின்ட் போய்விட்டது என்று சொல்லி, பாவித்த எக்ஸல் ஒன்றைப் போட்டிருந்தார்கள். சத்தம் நிற்கவில்லை. சென்டர் கப்பைக் கழற்றிப் பார்த்தால், மாற்றிய எக்ஸலில் பழைய நட், அதே மடிப்பு, அரைகுறையாக ஒரு அடி. ஹப்பின் பற்கள் தேய்ந்து, பெயாரிங்கும் போயிருந்தது. வண்டிக்காரர் கேட்டார்: "நட்டு பாக்க நல்லாத்தானே இருக்கு, அண்ணே?" பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஒரு நட்டின் விலையில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு அந்த மனிதர் எக்ஸல், ஹப், பெயாரிங், பிரஸ் கூலி என்று எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்தார். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்த வண்டி மலை இறங்கியிருக்கிறது என்பதை நினைத்தால் இன்னும் மனம் பதறுகிறது.

கழற்றும்போதும் கவனம் வேண்டும். மடிப்பை முழுதாக நிமிர்த்திய பிறகுதான் நட்டைத் திருப்ப வேண்டும். நிமிர்த்தாமல் இம்பெக்ட் கன்னை வைத்தால் எக்ஸல் மரை போய்விடும்.

ஸ்பிளிட் பின்

நட் கழலாமல் துளையில் செருகி, நுனியைப் பிரித்து மடக்கும் கம்பி இது. புதிதாகப் போடுங்கள். நேராக்கிய பழைய ஸ்பிளிட் பின்னும், ஆணியும், கம்பித் துண்டும் வேண்டாம்.

இதோடு சேர்ந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நட்டின் வெட்டும் ஸ்பிளிட் பின் துளையும் நேராக வராதபோது என்ன செய்வது? பின் சில்லு இழுவை கொண்ட பழைய ஹயஸ் வான்களின் முன் ஹப்பில் இருப்பது டேப்பர் ரோலர் பெயாரிங். அங்கே பொதுவாக நட்டைச் சற்றுத் தளர்த்தித்தான் துளைக்கு நேராக்க வேண்டும், அதிகம் இறுக்கினால் பெயாரிங் சூடாகி எரியும். போல் ஜொயின்டிலும் ஸ்டியரிங் ரொட் முனையிலும் நேர் எதிர்: அடுத்த வெட்டு வரும்வரை இறுக்க வேண்டும், ஒருபோதும் தளர்த்தக் கூடாது. இரண்டையும் மாற்றிச் செய்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

நைலோன் நட்

உள்ளே இறுகப் பிடிக்கும் நைலோன் வளையம் உள்ள நட் இது. கையால் சுழற்றியே நைலோனைத் தாண்டிப் போகிறதா? வீசிவிடுங்கள்.

கலிப்பர் பொல்ட்

பிரேக் கலிப்பரைப் பிடிக்கும் பொல்ட்டின் மரையில் காய்ந்த பசை தெரிந்தால் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, கையேடு சொல்லும் மரைப் பசையைப் புதிதாகத் தடவிப் பூட்டலாம். இழுபட்டு மெலிந்த மரை என்றால் மாற்ற வேண்டும்.

சில்லு நட்

திரும்பப் பாவிக்கலாம். மரையும் கூம்பு முகமும் நன்றாக இருந்தால் போதும். எண்ணெய் பூச வேண்டாம்.

வாங்கிவிட்டுக் கழற்றுங்கள்

எக்ஸல் நட்டும் ஸ்பிளிட் பின்னும் கைக்கு வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ சரியான அளவு கிடைக்காவிட்டால் கண்டியில் கேளுங்கள், அங்கும் இல்லையென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலிருந்து பஸ்ஸில் அனுப்பச் சொல்லலாம். அப்புறம், நட் இல்லாமல் வண்டியை இறக்கிச் சில்லில் நிறுத்தவோ தள்ளவோ கூடாது, அந்தப் பாரத்திலேயே பெயாரிங் கெடும். நட் வரும்வரை வண்டி தாங்கு ஸ்டாண்டிலேயே நிற்கட்டும்.