புனலூரிலிருந்து சூரியகாந்தி பார்க்க: போக பஸ், திரும்ப ரயில்

ஆடி மாதத்தில் தென்காசிக்குப் பக்கத்திலுள்ள சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களைப் பார்க்கப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் போகும் ரயிலைத்தான் முதலில் தேடுகிறார்கள். திரும்பும் ரயிலை முதலில் பாருங்கள். புனலூர் - செங்கோட்டை மலைப்பாதையில் ஒரு நாளைக்கு ஓடும் ரயில்கள் சொற்பம். அவற்றிலும் சில இருட்டில் கடப்பவை. கழுதுருட்டிப் பக்கம் உள்ள பதிமூன்று கண் பாலத்தைத் தூங்கிக்கொண்டே தாண்டுவதற்கு எதற்கு ரயில்?

என் யோசனை: விடியற்காலையில் ஆரியங்காவு வழியாகத் தென்காசிக்குப் பஸ், பகல் வெளிச்சத்தில் திரும்ப ரயில். முற்றிய சூரியகாந்திப் பூ சூரியனோடு சுற்றுவதில்லை, கிழக்கு நோக்கியே நின்றுவிடும். காலையில் வயலின் கிழக்கு ஓரத்தில் நின்றால் பூக்களின் முகத்தில் வெயில் விழும், படமும் தெளிவாக வரும். பிற்பகலில் அதே இடத்தில் நிழல்தான்.

எந்த வயலில் விதைத்திருக்கிறார்கள் என்பது வருடத்துக்கு வருடம் மாறும். தென்காசி ஆட்டோக்காரர்களிடம் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியாமல் அங்கே ஒரு பூ பூக்காது. வரப்பைத் தாண்டுமுன் உரிமையாளரிடம் கேட்டுவிடுங்கள். அது எண்ணெய்க்கு விதைத்த பயிர்.

குடை வேண்டாம். ஆரியங்காவுக் கணவாய்க் காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும். சாரலுக்கு மழைக்கோட்டே சரி.