தீபாவளிக்குத் தற்காலிகப் பட்டாசுக் கடையா? முதலில் இடத்தை அளந்துவிடுங்கள்

தற்காலிகப் பட்டாசுக் கடைக்கு உரிமம் மறுக்கப்பட்டால், பெரும்பாலும் இடம்தான் காரணமாக இருக்கும். அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள். 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின் 84ஆவது விதிப்படி, வீடு, பள்ளி, கோயில் போன்றவற்றிலிருந்து ஷெட் 50 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். பக்கத்துப் பட்டாசுக் கடைக்கு 3 மீட்டர் இடைவெளி வேண்டும். ஒரே இடத்தில் 50 கடைகளுக்கு மேல் கூடாது. மைதானத்தின் கேட்டிலிருந்து அளந்து ஏமாறாதீர்கள், ஷெட் சுவரிலிருந்து அளக்க வேண்டும்.

கடைகள் எதிரும் புதிருமாக இருக்கவும் கூடாது. ஒரு கடையில் தீப்பிடித்தால் ராக்கெட்டுகள் திறந்த வாசல் வழியாகத்தான் சீறும். எதிரே இன்னொரு வாசல் இருந்தால் அந்தக் கடையும் போய்விடும்.

ஷெட்டைத் தகரம் போன்ற எரியாத பொருளால் அமையுங்கள். ஆய்வு முடிந்ததும் மழைக்கென்று தார்ப்பாய் போர்த்துவது, முகப்பில் துணிப்பந்தல் கட்டுவது இரண்டும் ஆபத்து.

மின்சார வேலையில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒயரில் தொங்கும் பல்பு காற்றில் ஆட ஆட ஹோல்டரில் இணைப்பு தளரும், பொறி பறக்கும். கீழே திறந்த மத்தாப்புப் பெட்டி இருந்தால் அது போதும். விளக்கைச் சுவரிலோ கூரையிலோ இறுக்கிப் பொருத்துங்கள். சுவிட்சும் சுவரில் அசையாமல் இருக்கட்டும். கடை வரிசை ஒவ்வொன்றுக்கும் ஒரு மெயின் சுவிட்ச் கட்டாயம். எண்ணெய் விளக்கு, காஸ் விளக்கு கூடவே கூடாது. கடைப் பூஜைக்குக் கொளுத்தும் சூடமும் நெருப்புதான்.

சென்னையில் காவல் ஆணையரிடமும், மற்ற மாவட்டங்களில் மாவட்ட நிர்வாகம் ஆண்டுதோறும் அறிவிக்கும் முறைப்படியும் விண்ணப்பிக்கலாம். இட வரைபடம், வாடகை ஒப்பந்தம் அல்லது உரிமையாளரின் சம்மதக் கடிதம், வரி ரசீது, அடையாளச் சான்று, புகைப்படம் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். வரைபடத்தில் சுற்றியுள்ள கட்டடங்களையும் தூரத்தையும் உள்ளபடி குறியுங்கள். ஆய்வுக்கு வரும் தீயணைப்புத் துறையினர் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் இடத்தைப் பார்ப்பார்கள்.

உரிமத்தில் எழுதியுள்ள எடைக்கு மேல் ஒரு பெட்டிகூட இறக்காதீர்கள். சரவெடியும், பேரியம் என்ற வேதிப்பொருள் கலந்த பட்டாசும் 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி தடை செய்யப்பட்டவை. மொத்தக் கடைக்காரர் தள்ளிவிடப் பார்த்தாலும் வாங்காதீர்கள். 18 வயது நிரம்பாதவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது. “ஒன்று வெடித்துக் காட்டுங்களேன்” என்று யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். ஷெட்டிலிருந்து 50 மீட்டருக்குள் பட்டாசு வெடிக்கவே கூடாது.