ஸ்பானிஷ் படிக்க ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போகாதீர்கள்

தமிழ் பேசுபவர்கள் ஸ்பானிஷ் படிக்கும்போது செய்யும் பெரிய தவறு, அதை ஆங்கிலத்தில் யோசிப்பதுதான். புத்தகமும் செயலியும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கின்றன, சரி. ஆனால் வாக்கியத்தை மனசுக்குள் ஆங்கிலத்தில் கட்டிவிட்டு அப்புறம் மாற்றினால், தமிழ் நமக்குச் சும்மா கொடுத்திருக்கும் வசதியெல்லாம் வீணாகப் போகும்.

காபி பிடிக்கும் என்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் யோசிப்பவர் 'நான்' என்று ஆரம்பித்து, 'யோ குஸ்தோ' என்று மாட்டிக்கொள்வார். ஸ்பானிஷில் அது 'மெ குஸ்தா எல் கஃபே'. 'மெ' என்றால் எனக்கு. 'எனக்குக் காபி பிடிக்கும்' என்பதேதான். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: வினை, பிடித்த பொருளோடு ஒத்துப்போகும். புத்தகங்கள் பிடிக்கும் என்றால் 'மெ குஸ்தான் லோஸ் லிப்ரோஸ்'.

வாக்கியத்துக்கு வாக்கியம் 'யோ' போடுவதும் இதே பழக்கத்தால்தான். 'பேசுகிறேன்' என்றால் யார் பேசுவது என்று நாம் கேட்பதில்லை, விகுதியே சொல்லிவிடுகிறது. 'அப்லோ'வும் அப்படியே. அழுத்திச் சொல்ல நினைத்தால் மட்டும் 'யோ' போதும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் 'ஆ' என்ற குட்டிச் சொல். 'புஸ்கோ காசா' என்றால் வீடு தேடுகிறேன். மரியாவைத் தேடுகிறேன் என்றால் 'புஸ்கோ ஆ மரியா'. செயப்படுபொருள் ஆளாக இருந்தால் 'ஆ' வேண்டும். ஆங்கிலத்தில் இப்படி ஒன்று கிடையாது. அதனால் அதன் வழியாக வருபவர்கள் இதை மறந்துகொண்டே இருப்பார்கள். நாம் மறக்க வேண்டியதில்லை. 'வீடு பார்த்தேன்' என்று சொல்லும் நாம் 'மரியா பார்த்தேன்' என்று சொல்ல மாட்டோம், 'ஐ' தானாக வந்துவிடும். இன்ன ஆள் என்று குறிப்பாக இல்லாதபோது என்ன ஆகும்? 'பெண் பார்க்கிறோம்' என்று 'ஐ' இல்லாமல் சொல்கிறோம். ஸ்பானிஷிலும் காதலி தேடுபவர் 'புஸ்கோ நோவியா' என்பார், 'ஆ' இல்லாமல்! எல்லா இடத்திலும் இந்தக் கணக்கு பொருந்தாது, ஆனால் தொடக்கத்துக்குத் தாராளமாகப் போதும்.

உச்சரிப்பிலும் இதே கதைதான். மெக்சிகோ உணவை 'டாக்கோ' என்கிறோம்; அந்த 'டா' ஆங்கிலத்திடம் வாங்கியது. ஸ்பானிஷில் நாக்கு நுனி பல்லைத் தொடும், நம் 'தா' போல. 'பெரோ' என்றால் ஆனால், 'பெறோ' என்றால் நாய். பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகிப்போனவர்களுக்கு இது கஷ்டம். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கும் மலையாளிகளுக்கும் அவ்வளவு சிரமம் இருக்காது.

ஆனால் தமிழையே நம்பிக் கெட்டுப்போகும் இடமும் உண்டு. உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்து வைப்பது அதில் ஒன்று. மெக்சிகோவின் பணம் பெசோ. முத்தமும் நம் எழுத்தில் பெசோதான். முதல் எழுத்தின் ஒலி வேறு, நம் 'ப'வில் அது தெரியாது. கடையில் மாற்றிச் சொன்னால் உங்கள் பாடு.

'செர்', 'எஸ்தார்' இரண்டுமே 'இரு' என்று எழுதிக்கொள்வது இன்னொன்று. நிரந்தரமானதற்கு முன்னது, தற்காலிகமானதற்குப் பின்னது என்று பல பாடங்கள் சொல்லும். அப்படியானால் செத்தவர்? 'எஸ்தா முவெர்தோ', அதாவது எஸ்தார்! சாவைவிட நிரந்தரம் எது? இன்னார், இத்தன்மையர் என்பதற்குச் செர், எந்த நிலையில் அல்லது எங்கே என்பதற்கு எஸ்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'அவன் கெட்டிக்காரன்' என்பதில் 'இரு' வரவில்லை: 'எஸ் லிஸ்தோ', செர். 'அவன் தயாராக இருக்கிறான்': 'எஸ்தா லிஸ்தோ'. ஒரே 'லிஸ்தோ', வினை மாறியதும் பொருளே மாறிவிட்டது. ஆனால் தமிழில் 'இரு' வந்தால் எஸ்தார், வராவிட்டால் செர் என்ற இந்தக் குறுக்குவழி 'அழகாக இருக்கிறாள்' போன்ற இடங்களில் காலை வாரும், ஜாக்கிரதை.

சொற்களில், ஆங்கிலச் சாயல் உள்ளவற்றைச் சந்தேகப்படுங்கள். ஆங்கில 'எம்பாரஸ்ட்' நினைவில், வெட்கமாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து 'எஸ்தோய் எம்பராசாதா' என்றால், கர்ப்பமாக இருக்கிறேன் என்று பொருள். புழுக்கமாக இருக்கிறது என்பதை ஆங்கிலத்திலிருந்து அப்படியே மாற்றி 'எஸ்தோய் கலியெந்தே' என்று சொல்வது அதைவிட மோசம், அதில் காமம் கலந்திருக்கிறது. 'தெங்கோ கலோர்' என்பதே சரி. ஸ்பெயினில் பேருந்து பிடிக்கப் பயன்படும் 'கொஹேர்' மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் கெட்ட வார்த்தை. எந்த நாட்டு ஸ்பானிஷ் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

சில சொற்கள் நமக்கு ஏற்கெனவே தெரியும். மேசை அங்கே 'மெசா', அலமாரி 'அர்மாரியோ'. இலங்கைத் தமிழர்களுக்கு இன்னும் வசதி: பாண் (ரொட்டி) 'பான்', சப்பாத்து (காலணி) 'சபாதோ'. இவை போர்ச்சுகீசியர் விட்டுச்சென்றவை. ஸ்பானிஷ் அவர்கள் மொழிக்குப் பங்காளி. அந்தத் தைரியத்தில் ஜன்னலுக்கும் அதே கணக்குப் போட்டுவிடாதீர்கள். போர்ச்சுகீசில் அது 'ஜனேலா', ஸ்பானிஷிலோ 'வெந்தானா'.